இளையோர் வழி வந்த இசை: புத்தளக் கரையிலிருந்து றெகேயை நோக்குதல்

கலை மரபு என்றதும் மூத்தோரிடமிருந்து இளையோருக்கு இறங்கிவரும் ஒன்றையே நாம் எண்ணிக்கொள்கிறோம். தந்தை மகனுக்குத் தவில் கற்பிக்கிறார். அண்ணாவியார் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்குகிறார். பாட்டி தன் தாலாட்டைப் பேத்திக்கு விட்டுச் செல்கிறாள். இசை வரலாறு பற்றிய நம் நூல்களும் பெரும்பாலும் இந்த ஒரு திசையையே பின்பற்றி எழுதப்பட்டுள்ளன. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் இசை வரலாற்றைக் கூர்ந்து நோக்குமிடத்து, இதற்கு எதிர்த்திசையிலான ஓட்டமொன்றும் வலுவாக இருந்துள்ளமை புலனாகும். வீட்டிலுள்ள இளையவர் ஒருவரின் ஆர்வத்தினால் மூத்தவர் ஒரு புதிய இசைக்குச் செவிகொடுக்கிறார். செவிகொடுத்தபின், தமக்கே உரியதாயிருந்து தாம் பொருட்படுத்தாது விட்ட ஒன்றையும் அதனூடாக மீளக் கண்டுகொள்கிறார். யமேக்காத் தீவில் தோன்றிய றெகே இசை இத்தகைய பரவலுக்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். அவ்விசையின் வரலாற்றைப் புத்தள மாவட்டக் கரையோரத்தில் நின்று நோக்குவதும், அதிலிருந்து நமது மூத்தோரும் இளையோரும் பெறக்கூடிய படிப்பினை யாது என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புத்தளம் நகரிலிருந்து வடக்கே எலுவன்குளம் நோக்கிச் செல்லும் பழைய மன்னார் வீதியில் அமைந்துள்ளது வண்ணாத்திவில்லு. மேற்கே புத்தளக் களப்பும், வடக்கே கலா ஓயாவும், அதற்கப்பால் வில்பத்துக் காடும் இப்பிரதேசத்தைச் சூழ்ந்துள்ளன. இயற்கையாக நீர் தேங்கி நிற்கும் இடத்தை 'வில்லு' என்பது இப்பகுதி வழக்கு. வில்பத்து என்னும் பெயரிலும் அச்சொல்லே ஒலிக்கிறது. சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் ஆகிய மூவினத்தவரும் இங்கு வாழ்கின்றனர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெருந்தொகையினர் கற்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய பிரதேசங்களிலேயே தஞ்சம் புகுந்தனர். எனவே இக்கரையை வந்து சேர்ந்தோரின் கரை எனக் கூறுதல் மிகையாகாது. வேரோடு பெயர்க்கப்பட்ட மக்களின் இசையாகிய றெகேயைப் பற்றிச் சிந்திப்பதற்கு இது பொருத்தமற்ற இடமன்று.

இப்பிரதேசத்து வீடொன்றை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போமாக. மாலைப் பொழுது. திண்ணையில் அமர்ந்து பெரியம்மா அரிசி புடைக்கிறாள். தங்கையின் மகன் கைத்தொலைபேசியில் பொப் மார்லியின் பாடலொன்றை ஒலிக்கவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறான். "ஒருக்காக் கேட்டுப் பாருங்க, பெரியம்மா" என்கிறான். சற்று நேரம் கேட்ட அவள், "என்னடா தம்பி, தாளம் நொண்டுதே!" என்கிறாள். அவன் சிரிக்கிறான், மீண்டும் ஒலிக்கவிடுகிறான். மூன்றாம் முறை கேட்கும்போது அவளது கையிலுள்ள சுளகு அந்த நொண்டலுக்கு இசைய அசைவதை அவளே அறியாள். இவ்வாறான காட்சி இலங்கையின் எந்த ஊரிலும் நிகழக்கூடியது. வரலாற்று மாணவனுக்கு இதில் இரு வினாக்கள் உள்ளன. அவள் ஏன் அதனை நொண்டல் என்றாள்? அந்த நொண்டல் அவளுக்கு ஏன் விரைவிற் பழகிப்போயிற்று?

முதல் வினாவுக்கு விடை றெகேயின் தாள அமைப்பிலேயே உள்ளது. நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றில் முதலாம் எண்ணிக்கையே வலுவாக ஒலிக்கவேண்டுமென நம் செவி எதிர்பார்க்கும். றெகேயிலோ கித்தாரின் வெட்டொலி இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் விழுகிறது. முரசும் பல பாடல்களில் முதலாம் எண்ணிக்கையை வெறுமையாக விட்டு, மூன்றாம் எண்ணிக்கையிலேயே அழுத்தமாக அடிக்கிறது. அடித்தொனிக் கித்தார் பின்னணியில் ஒதுங்கி நில்லாது, தானே ஒரு பாடகன்போல முன்னே நடக்கிறது. நம் கருநாடக இசையிலும் தாளத்தின் சமத்தில் தொடங்காது, சற்றுத் தள்ளி எடுக்கும் எடுப்புகள் உண்டு. அவற்றைக் கேட்டுப் பழகியோருக்கு இந்த உத்தி அறவே அந்நியமானதன்று. கால் விழவேண்டிய இடத்தில் விழாது, விழாத இடத்தில் விழுவதாற்றான் அது நொண்டலாகத் தோன்றுகிறது. இரண்டாவது வினாவுக்கு விடைகாண, இந்த இசை பிறந்த சமூகத்தையும் அது நமது தீவோடு கொண்டுள்ள தொடர்பையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

யமேக்கா 1655ஆம் ஆண்டில் ஸ்பானியரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அதன்பின் அத்தீவு கரும்புத் தோட்டங்களின் தீவாயிற்று. அத்தோட்டங்களில் உழைப்பதற்கெனப் பெரும்பாலும் மேற்கு ஆபிரிக்காவிலிருந்தும் மத்திய ஆபிரிக்காவிலிருந்தும் இலட்சக்கணக்கான மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். 1834இல் அடிமைமுறை சட்டப்படி நீக்கப்பட்டதாயினும், 'பயிலுநர்' என்ற பெயரில் அம்மக்கள் 1838 வரை பழைய எசமானருக்கே உழைக்க நேர்ந்தது. விடுதலைக்குப் பின்னரும் நிலம் தோட்ட முதலாளிகளிடமே இருந்தது. நிலமற்றோர் காலப்போக்கிற் கிங்ஸ்ரன் நகரின் மேற்குப் புறத்தில் ஒதுங்கினர். றென்ச் ரவுண் போன்ற ஏழைக் குடியிருப்புகளின் பின்னணி இதுவே. 1962 ஓகஸ்ட் 6ஆம் நாள் நாடு சுதந்திரமடைந்தபோது அக்குடியிருப்புகளின் இளைஞர்கள் புதிய வாழ்வை எதிர்பார்த்தனர். கிடைத்தது வேலையின்மையே. அந்த எதிர்பார்ப்பும் ஏமாற்றமும் சேர்ந்தே புதிய இசைக்கு வித்திட்டன.

'மென்ரோ' எனும் நாட்டுப்புற இசையிலிருந்தும், அமெரிக்க வானொலி நிலையங்களிலிருந்து கேட்ட கறுப்பின மக்களின் இசையிலிருந்தும் 1950களின் இறுதியில் 'ஸ்கா' உருவாயிற்று. 1966 அளவில் அதன் வேகம் தணிந்து 'றொக்ஸ்ரெடி' ஆயிற்று. 1968 அளவில் மேலும் நிதானமடைந்து றெகே ஆயிற்று. அவ்வாண்டு வெளிவந்த 'ரூட்ஸ் அன்ட் த மேரல்ஸ்' குழுவினரின் பாடலொன்றின் தலைப்பிலேயே இப்பெயர் முதலில் இசைத்தட்டில் இடம்பெற்றது என்பர். இவ்விசை மாளிகைகளிலோ மண்டபங்களிலோ வளரவில்லை. பெரிய ஒலிபெருக்கிகளைத் தெருவில் அடுக்கி, இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, கட்டணம் பெற்று ஆடவிடும் 'சவுண்ட் சிஸ்ரம்' எனும் ஏற்பாடே அதன் பள்ளிக்கூடமாயிற்று. அத்தகைய ஏற்பாட்டை நடத்திவந்த கொக்ஸன் டொட் என்பவரே 1963இல் 'ஸ்ரூடியோ வன்' எனும் ஒலிப்பதிவுக்கூடத்தை அமைத்தார். பொப் மார்லியும் அவருடைய தோழர்களும் தம் முதற் பாடல்களுட் பலவற்றை அங்கேயே பதிவுசெய்தனர்.

இவ்விசைக்குச் சிந்தனை வலுவூட்டியது ரஸ்தாபாரி இயக்கம். ஆபிரிக்க வழிவந்தோர் தம்மைத் தாழ்ந்தோராகக் கருதுதல் கூடாதெனப் போதித்த மார்க்கஸ் கார்வே யமேக்காவைச் சேர்ந்தவர். 1930இல் எதியோப்பியாவில் ஹெய்லி செலாசி முடிசூடியபோது, அவரையே மீட்பராகக் கருதிய ஏழை மக்கள் சிலர் இவ்வியக்கத்தை ஆரம்பித்தனர். மேட்டுக்குடியினர் இவர்களைச் சமூகத்தின் கழிவாகவே நோக்கினர். சடைமுடி வளர்த்தோரைக் காவல்துறை துன்புறுத்தியது. பிள்ளைகள் இவ்வழியிற் சென்றாற் பெற்றோர் வெட்கினர். றெகேயும் அவ்வாறே இழிவாகக் கருதப்பட்டது. தேவாலயத்து மூத்தோருக்கு அது பாவத்தின் ஒலி. கற்ற நடுத்தர வர்க்கத்தினருக்கு அது சேரியின் இரைச்சல். ஆயின் 1972ஆம் ஆண்டுத் தேர்தலில் மைக்கல் மான்லியின் கட்சி றெகேப் பாடகர்களைத் தன் மேடைகளில் ஏற்றி வெற்றியீட்டியது. அவ்வாண்டே ஜிமி கிளிஃப் நடித்த 'த ஹாடர் தே கம்' எனும் திரைப்படம் வெளிவந்து, கிங்ஸ்ரனின் வறுமையையும் இசையையும் உலகின்முன் வைத்தது. 2018 நவம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் றெகேயை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது. பிள்ளைகளின் இரைச்சல் அரை நூற்றாண்டுக்குள் நாட்டின் முதுசொம் ஆயிற்று.

இந்த மாற்றம் நாட்டளவில் நிகழுமுன் வீட்டளவில் நிகழ்ந்தது என்பதை விளக்க ஒரே ஒரு சான்று போதுமானது. பொப் மார்லி 1945 பெப்ரவரி 6ஆம் நாள் சென் ஆன் பிரிவிலுள்ள நைன் மைல் கிராமத்திற் பிறந்தார். அவருடைய தாய் செடெல்லா புக்கர் தேவாலயத்திற் பாடி வளர்ந்த கிறித்தவப் பெண்மணி. 1960களின் தொடக்கத்தில் அவர் பிழைப்பை நாடி ஐக்கிய அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்திற் குடியேறினார். 1966இல் மகனும் அங்கு வந்து சிலகாலம் தொழிற்சாலையில் வேலைசெய்தார். பின்னர் இசையை நாடி ஊர் திரும்பினார். மகன் ரஸ்தாபாரி வழியை ஏற்றபோது அது தாயின் சமயத்துக்கு முற்றிலும் புறம்பானதாகவே இருந்தது. ஆயினும் மகனுடைய பாடல்களினூடாகவே அவர் அவ்வழியை அறிந்தார். இறுதியில் தாமும் சடைமுடி தரித்தார். 1981 மே 11ஆம் நாள் மகன் புற்றுநோயால் மறைந்தபின், அந்த முதிய தாய் தாமே ஒலிப்பதிவுக்கூடத்துக்குச் சென்று பாடல்களைப் பதிவுசெய்தார். மகனைப் பற்றிய நினைவுநூலொன்றும் அவர் பெயரில் 1996இல் வெளிவந்தது. 2008இல் அவர் காலமானார். தாயிடமிருந்து மகன் பாடக் கற்றான் என்பது எல்லாரும் எதிர்பார்க்கும் கதை. மகனிடமிருந்து தாய் மீண்டும் பாடக் கற்றாள் என்பதே ஈண்டு நாம் கருத்திற்கொள்ள வேண்டியது.

இவ்வரலாற்றுக்கும் நமது தீவுக்கும் யாது தொடர்பு என்ற வினா எழுதல் இயல்பே. தொடர்பு நாம் நினைப்பதினும் பழையது; அது முதலிற் பொருளாதாரத்திலேயே தொடங்குகிறது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை நீங்கியபின் அங்கு கோப்பி உற்பத்தி வீழ்ச்சியுற்றது. 1835இல் பிரித்தானியச் சந்தையில் மேற்கிந்தியக் கோப்பிக்கும் கிழக்கிலிருந்து செல்லும் கோப்பிக்கும் இடையிலான தீர்வை வேறுபாடு நீக்கப்பட்டது. யமேக்காவிற் கோப்பிச் செய்கையைக் கற்ற றொபேட் பொய்ட் ரைட்லர் என்பவர் 1837இல் இலங்கைக்கு வந்து, அம்முறையை இங்கு புகுத்தினார். யமேக்கா இழந்த சந்தையை மத்திய மலைநாடு பெற்றது. அடிமைகளின் இடத்தைத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் நிரப்பினர். கிங்ஸ்ரன் சேரியின் துயரும் கண்டிச் சீமையின் துயரும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்களே எனக் கூறினும் பொருந்தும்.

அதே காலப்பகுதியில் இந்தியத் தொழிலாளர் யமேக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற் கப்பல் 1845 மே 10ஆம் நாள் ஓல்ட் ஹாபர் குடாவை அடைந்தது. 1917 வரையான காலத்தில் ஏறத்தாழ 36,000 இந்தியர் அங்கு சென்றனர். பெரும்பாலோர் வட இந்தியர். சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றோரும் உண்டு. 'கஞ்சா' என்னும் சொல் யமேக்க மக்களின் பேச்சில் இன்றும் அவ்வாறே வழங்குவது இவர்கள் விட்டுச்சென்ற தடமாகும். ரஸ்தாபாரி இயக்கத்தின் தொடக்ககாலத் தலைவருள் ஒருவரான லெனாட் ஹவல், 1930களில் இந்திய ஒலிகொண்ட 'மராக்' எனும் புனைபெயரைச் சூடிக்கொண்டார். சடைமுடி வழக்கத்துக்கு இந்தியச் சாதுக்களே முன்மாதிரி எனக் கருதும் ஆய்வாளரும் உளர். அதனை மறுப்போரும் உளர். எவ்வாறாயினும், றெகே பிறந்த மண்ணில் நம் துணைக்கண்டத்தவரின் வியர்வையும் கலந்துள்ளது என்பதில் ஐயமில்லை.

இனிப் புத்தளக் கரைக்கு மீள்வோம். ஆபிரிக்க மக்கள் யமேக்காவுக்கு மட்டும் கொண்டுசெல்லப்படவில்லை, இலங்கைக்கும் கொண்டுவரப்பட்டனர். போர்த்துக்கேயர் அவர்களைப் போர்வீரராகவும் அடிமைகளாகவும் இங்கு கொணர்ந்தனர். ஒல்லாந்தர் காலத்திலும் அது தொடர்ந்தது. கொழும்பின் கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' எனப் பொருள்படும் பெயர் நீண்டகாலம் வழங்கியமை அக்காலத்தின் நினைவுச்சின்னமாகும். ஆங்கிலேயத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் காலம்முதல் ஆபிரிக்கர் தனிப் படைப்பிரிவாகவும் திரட்டப்பட்டுக் கண்டி அரசுக்கு எதிரான போர்களில் ஈடுபடுத்தப்பட்டனர். பின்னர் படை கலைக்கப்பட்டபோது, புத்தளத்திற் பணிபுரிந்தோருட் பலர் அங்கேயே குடியமர்ந்தனர். அவர்களின் வழித்தோன்றல்களே புத்தளம் நகருக்கு அண்மையிலுள்ள சிரம்பியடிக் கிராமத்தில் இன்றும் வாழ்ந்துவருகின்றனர். இவர்களை இந்நாட்டில் காப்பிரியர் என அழைப்பர். 'நம்பிக்கையற்றோர்' எனப் பொருள்படும் அரபுச் சொல்லொன்று போர்த்துக்கேயர் வழியாக இப்பெயராகத் திரிந்தது. தென்னாபிரிக்காவில் இதே சொல் கொடிய வசையாகும். இலங்கையிலோ அது ஓர் இனத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

இம்மக்கள் காலப்போக்கில் அயலவரோடு மணவுறவு கொண்டனர், பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆபிரிக்க மொழிகளை அவர்கள் எப்போதோ இழந்துவிட்டனர். முன்னோர் பேசிய போர்த்துக்கேயக் கலப்புமொழியும் வீட்டுப் பேச்சிலிருந்து மறைந்து, சிங்களம் அதன் இடத்தைப் பிடித்தது. எஞ்சியது 'மஞ்ஞா' எனும் பாட்டு ஒன்றே. றபான், பிளந்த சிரட்டை, கரண்டியாற் தட்டும் கண்ணாடிப் போத்தல் முதலியனவே அதன் கருவிகள். ஆண்களும் பெண்களும் கூடியமர்ந்து நிதானமாகத் தொடங்குவர். பாட்டுச் செல்லச் செல்லத் தாளம் விரைவுறும். அமர்ந்திருந்தோர் ஒவ்வொருவராக எழுந்து ஆடுவர். சொற்கள் போர்த்துக்கேயக் கலப்புமொழிச் சொற்கள். பாடுவோருட் பலருக்கு அவற்றின் பொருள் முழுமையாக விளங்காது. மொழி இறந்த பின்னரும் பாட்டு உயிர்வாழ்வது என்பது உலக வரலாற்றில் அரிதான நிகழ்ச்சியன்று. ஆயினும் நம் அயலூரிலேயே அது நிகழ்ந்துகொண்டிருப்பதை எத்தனை பேர் அறிவோம்?

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். மஞ்ஞாவும் றெகேயும் ஒரே தாயின் பிள்ளைகள் எனக் கூறிவிடுதல் எளிது, அது வரலாறாகாது. யமேக்காவுக்குச் சென்றோர் பெரும்பாலும் ஆபிரிக்காவின் மேற்குப் பகுதியினர். இலங்கைக்கு வந்தோருட் பெரும்பகுதியினர் மொசாம்பிக் முதலான கிழக்குப் பகுதியினர். இரு இசைகளின் தாள அமைப்பும் வேறு. ஒத்திருப்பது அவற்றின் விதியே. இரண்டும் பெயர்த்தெறியப்பட்ட மக்களின் பாட்டுகள்; இரண்டும் ஆதிக்க மொழியைத் தமக்கேற்ப வளைத்துக்கொண்டன; இரண்டும் கிடைத்த பொருளைக் கருவியாக்கிக்கொண்டன. ஒன்று ஒலிபெருக்கியும் இசைத்தட்டும் வாய்க்கப்பெற்று உலகை வலம்வந்தது. மற்றது சிரட்டையோடும் போத்தலோடும் ஊர் எல்லைக்குள்ளே நின்றுவிட்டது.

எனினும் அது முற்றாக எல்லைக்குள் நிற்கவுமில்லை. காப்பிரியர் பெயரையே தாங்கிய 'கபிரிஞ்ஞா' எனும் ஆடலிசை போர்த்துக்கேயப் பறங்கியரிடையே பரவியது. மட்டக்களப்புப் பறங்கியர் திருமண வீடுகளில் அதனை இன்றும் ஆடுவர். அதன் ஆறெட்டு நடையிலிருந்தே 'பைலா' கிளைத்தது. பொலிஸ் சேவையிற் பணியாற்றிய வொலி பெஸ்தியன் 1940களில் அதற்குச் சிங்களச் சொற்களைச் சூட்டினார். 1970களில் தமிழ்ப் பொப்பிசை எழுந்தபோது நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பாடல்களில் இந்த நடையே துள்ளியது. மனோகரன் பாடிய 'சுராங்கனி' கடல்கடந்து தமிழ்நாட்டிலும் புகழ்பெற்றது. சங்கீத சபைகள் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. கல்யாண வீட்டில் இளைஞர் பாடினர். மூத்தோர் முதலில் முகஞ்சுளித்தனர். பிறகு அவர்களும் கைதட்டினர். கிங்ஸ்ரனில் நிகழ்ந்ததே சிறிய அளவில் இங்கும் நிகழ்ந்தது.

றெகேயும் பெயர் சொல்லாமலே தமிழர் வீடுகளுக்குள் நுழைந்தது. 1992இல் வெளிவந்த 'ரோஜா' திரைப்படத்தின் 'சின்னச் சின்ன ஆசை' பாடலில் றெகேயின் பின்தள்ளிய வெட்டொலி தெளிவாகக் கேட்கிறது. அப்போது அதன் இசையமைப்பாளர் ஏ. ஆர். ரஹ்மானுக்கு வயது 25. வானொலியிலும் ஒலிநாடாவிலும் அதனைக் கேட்டு முணுமுணுத்த தாய்மார் ஆயிரக்கணக்கானோர்; அவர்களுட் றெகே எனும் சொல்லைக் கேள்வியுற்றிருந்தோர் மிகச் சிலரே. 1996இல் வெளிவந்த 'லவ் பேர்ட்ஸ்' படத்தில், பிரித்தானியாவின் பேமிங்ஹாமில் வளர்ந்த பஞ்சாபி இனப் பாடகர் அப்பாச்சி இந்தியன் பாடினார். யமேக்கக் குடியேறிகளின் அயலில் வளர்ந்து அவர்களின் பேச்சையும் தாளத்தையும் கைக்கொண்டவர் அவர். 2011இல் ரஹ்மானும் பொப் மார்லியின் இளைய மகன் டேமியன் மார்லியும் 'சூப்பர்ஹெவி' எனும் குழுவில் ஒன்றாகப் பங்குகொண்டு இசைத்தொகுப்பொன்றை வெளியிட்டனர். நம் பெரியம்மாவின் சுளகு ஏன் விரைவில் அசைந்தது என்ற இரண்டாவது வினாவுக்கு இதுவே விடை. பைலாவும் பொப்பிசையும் தீவிலே பிறந்த தாளங்களுக்கு அவள் செவியைப் பழக்கியிருந்தன; திரையிசை யமேக்காவின் வெட்டொலியைப் பெயரறியாமலே அங்கு சேர்த்துவைத்திருந்தது. தங்கை மகன் அவளுக்குக் கொடுத்தது பழகிய ஒலிக்கு ஒரு பெயரும் ஒரு வரலாறுமேயாம்.

இவ்விடத்து மூத்தோர் தரப்பின் மறுப்பையும் நேர்மையாக எடுத்துரைத்தல் கடன். இளைஞர் பலர் றெகேயின் வரலாற்றை அறிந்து அதனை விரும்பவில்லை. சட்டையில் அச்சிட்ட முகத்தையும் மூவர்ணத்தையும், சிலவேளை கஞ்சாப் புகையையுமே விரும்புகின்றனர் என்பர். வணிக நிறுவனங்கள் எதிர்ப்பின் குரலைச் சரக்காக்கி விற்கின்றன என்பதும் மெய்யே. இக்குற்றச்சாட்டுகள் வலுவானவை. ஆயின் இவற்றுக்கு மருந்து செவியை மூடிக்கொள்வதன்று, உடனிருந்து கேட்டலே. "இவன் யார்? ஏன் இப்படிப் பாடுகிறான்?" என்று மூத்தவர் வினவும்போது, இளையவர் அடிமைமுறையைப் பற்றியும் தோட்டங்களைப் பற்றியும் கற்றுக்கொள்ள நேரிடும். வினாவற்ற இடத்தில் முகம் மட்டுமே எஞ்சும். வினா எழும் இடத்தில் வரலாறு பின்தொடரும். அத்துடன், வினவும் மூத்தவரும் மாறாதிருப்பதில்லை. செடெல்லா புக்கர் கேட்டார், மாறினார்.

இவ்வினா புத்தளக் கரையில் வெறும் பொழுதுபோக்குச் சார்ந்ததன்று. மஞ்ஞாவைப் பொருளுணர்ந்து பாடக்கூடியோர் அருகிவருகின்றனர். அதனைப் பேணுவதற்கு அவ்வூர் மக்கள் தாமே குழு அமைத்து வெளியூர் மேடைகளிலும் பாடிவருகின்றனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் மேடை மட்டும் ஒரு பாட்டைக் காக்காது, வீடே காக்கவேண்டும். கடல்கடந்த ஆபிரிக்க வழியினரின் இசையைத் தேடிக் கேட்கும் இளைஞர் செவிக்கு, சில கல் தொலைவிலுள்ள ஆபிரிக்க வழியினரின் பாட்டைக் கேட்கும் ஆற்றலும் உண்டு. 'காப்பிரி' என்று கேலிசெய்து பழகிய ஊரார்க்கு, அப்பெயரின் பின்னாலுள்ள போரும் கப்பலும் அடிமைச் சங்கிலியும் றெகே வழியாகவேனும் விளங்குமாயின் அது பெரும்பேறாகும். ஆபிரிக்கர் என்பதற்காக யமேக்கப் பாடகரைப் போற்றி, அதே காரணத்துக்காக அயலூர்ப் பாடகியை எள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

எனவே நமது இசை வரலாற்று ஆய்வு இரு திசைகளையும் நோக்குதல் வேண்டும். மூத்தோர் கைமாற்றியவற்றைப் பதிவுசெய்வது போலவே, இளையோர் வீட்டுக்குட் கொணர்ந்தவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். சிரம்பியடியின் பாட்டுகளை ஒலிப்பதிவாகவும், சொற்பொருளோடு கூடிய எழுத்தாகவும் திரட்டும் பணியில் நம் பல்கலைக்கழகங்களின் தமிழ், வரலாறு, நுண்கலைத் துறைகள் அவ்வூர் மக்களோடு கைகோத்தல் காலத்தின் தேவையாகும். அப்பணிக்குப் பெரிய நிதியோ பெரிய கருவியோ வேண்டியதில்லை. தங்கை மகனின் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியே முதற் கருவியாக அமையலாம். அவன் அதில் யமேக்காவின் பாட்டைப் பெரியம்மாவுக்குக் கேட்கச்செய்தான். அதே கருவியை அயலூர்க் கிழவியின் முன் வைத்து, "ஒருக்காப் பாடுங்க, பாட்டி" என்று அவன் கேட்பானாகில், அந்த இசை வந்தவழி முழுமைபெறும்.